அக்கா போட்ட ரெண்டு முடிச்சு

வீடியோ வெட்டுகிற வேலைக்கு வருகிறதுக்கு முன்னாலே மூணு வருஷம் நான் கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன். ஆயிரம் வாட்ஸ் லைட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கேமராவுக்குப் பின்னாலேயே அலைய வேண்டும். மாப்பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முறைப்பார்கள். பொம்பளைகள், 'மூஞ்சியில நெருப்பைக் கொட்டுதான் பாரு, தள்ளிப் பிடிலே' என்பார்கள். தள்ளிப் பிடித்தால் கேமரா பிடிக்கிற அண்ணாச்சி வைவார். அவர்தான் ஸ்டுடியோ முதலாளி. எனக்கு எப்பவுமே மூக்குக்கு மேலே கோபம். இருபத்துநாலு வயசில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு லைட் பிடிப்பது சாதாரண பாடு இல்லை.

எங்கள் ஸ்டுடியோ கோவில்பட்டியில் ஒரு மாடியில் இருந்தது. கீழே கடலைமிட்டாய் போடுகிற கடை. பாகு காய்ச்சுகிற வாசனை பகல் பூராவும் படியேறி வந்துகொண்டிருக்கும். புதுசாக வருகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டு, 'கொடுத்து வச்சவங்கய்யா நீங்க' என்பார்கள். ஒரு மாசம் இருந்து பார்த்தால் தெரியும்.

ரெண்டாயிரம் பிறந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அதுவரை ரெண்டு டெக்கை வைத்து கேசட்டுக்குக் கேசட் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மதுரையிலிருந்து ஒருத்தர் வந்து ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அண்ணாச்சிக்கு மவுஸ் கையில் நிற்கவில்லை. எலியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். பக்கத்தில் நின்ற எனக்குச் சட்டென்று பிடிபட்டது. 'ஏலே, நீ உக்காரு' என்றார். அப்படித்தான் அந்த நாற்காலி எனக்கு வந்தது. ஃபேனுக்குக் கீழே நாற்காலி. லைட் தூக்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மதுரைக்காரர் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது ரெண்டுதான். திரையில் கீழே நீளமாக ஒரு பட்டை ஓடும். எடுத்த படம் எல்லாம் அதில் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டை ரெண்டாக்க வேண்டும் என்றால் பிளேடு படம் போட்ட பொத்தானை அமுக்கி, வேண்டிய இடத்தில் ஒரு தட்டு. ஒரு துண்டைக் குட்டையாக்க வேண்டும் என்றால் அதன் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. மற்றது எல்லாம் பூ சுற்றுகிறது, இதயம் பறக்கிறது மாதிரியான அலங்காரம்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தை வெட்டுகிறோமே, தப்பாக வெட்டிவிட்டால்? அதைக் கேட்டதற்கு அவர் சிரித்தார். 'வெட்டுனது எங்கயும் போகாதுப்பா. ஓரத்தைப் பிடிச்சு வெளிய இழு, உள்ள தள்ளுனது பூரா திரும்ப வந்துரும்' என்று இழுத்துக் காட்டினார். தள்ளிவிட்ட தாம்பாளமும் அதைப் பிடித்த கையும் அந்தக் கைக்காரியும் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார்: 'எந்த ஷாட்டும் நாலு விநாடிக்கு மேல நிக்கக்கூடாது. நின்னா சனம் எந்திரிச்சுப் போயிரும்.' அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் வைகாசியில் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஆடு மேய்க்கிற குடும்பம். அண்ணாச்சி கேமரா, நான் லைட். லைட் பிடிக்க ஆள் இல்லாத நாட்களில் நாற்காலியை விட்டு இறங்கி லைட்டையும் தூக்க வேண்டும். ஆகவே அங்கே நடந்தது எல்லாம் எனக்கு நேரடியாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியே இல்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவான். மீதி ரெண்டு முடிச்சை அவன் கூடப் பிறந்தவள் போடுவாள். இந்த மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா. அவள் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். எட்டு வயசுப் பெண் குழந்தையோடு தம்பி வீட்டில் இருந்துகொண்டு தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகூர்த்த நேரத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருத்தர், 'வாழாதவ கையால முடிச்சு வேண்டாம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மக ஒருத்தி நிக்கிதால்ல, அவ போடட்டும்' என்றார். அந்த அக்கா பின்னால் நகர்ந்தாள். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தபடியே சொன்னான்: 'எங்க அக்கா முடிச்சு போடலைன்னா நான் இந்தத் தாலியைக் கட்டல.' சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. மேளக்காரர் குச்சியைத் தூக்கினவர் தூக்கினபடியே நின்றார். பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அக்கா வந்து பொண்ணுக்குப் பின்னால் குனிந்து ரெண்டு முடிச்சையும் போட்டாள். என் லைட் வெளிச்சத்தில்தான் போட்டாள்.

பத்து நாள் கழித்து அந்தக் கல்யாணத்தை வெட்ட உட்கார்ந்தேன். அதற்குப் பின்னால் இன்னும் மூணு கல்யாணம் வரிசையில் நின்றது. தாலி கட்டுகிற ஷாட் நாற்பது விநாடிக்கு நின்றது. மாப்பிள்ளை கை, முதல் முடிச்சு, கெட்டிமேளம். அந்த மேளம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் சரியாகப் பூ தூவுகிற ஷாட் வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. ஓரத்தைப் பிடித்துத் தள்ளினேன். நாலு விநாடி. ஓட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அடி பிசகாமல் விழுந்தது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'பரவால்லையேலே' என்றார். உள்ளே தள்ளின முப்பத்தாறு விநாடியில் யார் இருந்தார்கள் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. எந்த எண்ணமும் இல்லை.

சிடி போய்ச் சேர்ந்து ஒரு வாரத்தில் அந்த அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். அன்றைக்கு எனக்கு நேரமே சரியில்லை. முந்தின வாரம் ஒரு காதுகுத்தில் தாய்மாமனைப் பாதி முகத்தோடு வெட்டிவிட்டேன் என்று ஒரு கூட்டம் வந்து சண்டை போட்டிருந்தது. 'இன்னொரு புகார் வந்துச்சு, மறுபடி லைட்டைத் தூக்கிருவே' என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். காலையில் கரண்ட் போய், சேவ் பண்ணாத ஒரு மணி நேர வேலை காற்றோடு போயிருந்தது. அண்ணாச்சி முன்னறையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு போனதைத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

மஞ்சப்பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டினாள். 'தம்பி, இதுல ஒரு இடம் விட்டுப்போச்சு. நான் முடிச்சு போட்டது இல்ல' என்றாள்.

அவள் முதல் வார்த்தையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கல்யாணம் அப்பவும் கம்ப்யூட்டருக்குள்ளேதான் இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஆனால் திரும்ப சிடி போட வேண்டும். எதற்கு என்று அண்ணாச்சி கேட்பார். கேட்டால் நாற்காலி போய்விடும். இதை எல்லாம் ஒரு நொடியில் யோசித்துவிட்டு, 'அது அழிஞ்சு போச்சுக்கா' என்றேன்.

'எப்படி அழியும்? எங்க தெருவே உக்காந்து பாத்துச்சு. தாலி கட்டுதான், ஒடனே பூ விழுது. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாவ. தானா அழிஞ்ச மாதிரி தெரியல தம்பி. யாரும் வெட்டச் சொன்னாவளா?'

'வீட்டுக்காரங்க சொன்னா நாங்க வெட்டித்தானேக்கா ஆகணும்.'

'எந்த வீட்டுக்காரங்க? பொண்ணு வீடா?'

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய்யிலேயே அது சின்னப் பொய். ஆனால் பெண் வீட்டார் அண்ணாச்சிக்குப் பழக்கம். அவர்கள் காதுக்குப் போனால் நேராக இங்கே வந்து நிற்பார்கள். மாப்பிள்ளை ஊரில் இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வயலில் கிடை போடப் போய்விட்டான், வர ரெண்டு மாசம் ஆகும் என்று அவளே உள்ளே வரும்போது சொல்லியிருந்தாள். நான் திரையைப் பார்த்தபடியே, வாய் கூசாமல் சொன்னேன்: 'கிடைக்குப் போறதுக்கு முந்தி மாப்பிள்ளைதான் வந்து சொன்னாரு.'

'அவனா' என்றாள்.

அழவில்லை. சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திருப்பிப் பேசி, அந்தச் சூட்டில் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னமோ. சிடியை என் மேஜையிலேயே வைத்துவிட்டு மஞ்சப்பையை நாலாக மடித்தாள். 'சரி தம்பி, வேலையைப் பாருங்க' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். முன்னறையிலிருந்து அண்ணாச்சி, 'என்னலே வேணுமாம்?' என்று கேட்டார். 'சிடி சுத்தலையாம் அண்ணாச்சி. அவிய வீட்டுப் பெட்டியில கோளாறு' என்றேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு ரெண்டாவது தானாக வருகிறது.

நாலு நாளில் கம்ப்யூட்டரில் இடம் பத்தவில்லை. பழையதை எல்லாம் அழிக்கச் சொன்னார் அண்ணாச்சி. அழிக்கிறதுக்கு முன்னால் அந்த ஓரத்தைப் பிடித்து ஒரு தடவை வெளியே இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை. முப்பத்தாறு விநாடியும் ஒன்று விடாமல் வந்தது. உட்கார்ந்து பார்த்தேன். அதைத் தனியாக ஒரு சிடியில் போட்டு வைக்க அஞ்சு நிமிஷம் ஆகும். போடவில்லை. அது வெளியே இருந்தால் எனக்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிற மாதிரி. அழித்தேன். அந்தக் கல்யாணத்தை எடுத்த டேப்பை அடுத்த முகூர்த்தத்துக்குக் கழுகுமலைக்குக் கொண்டுபோய், அதன் மேலேயே வேறு ஒரு கல்யாணத்தை எடுத்தோம். எல்லா ஸ்டுடியோவிலும் டேப்பை அப்படித்தான் பயன்படுத்துவார்கள். வெட்டுனது எங்கயும் போகாது என்று மதுரைக்காரர் சொன்னது அதோடு பொய்யாகப் போனது.

அப்புறம் மறந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் தாலி கட்டின பிறகு ஒரு பெண் பின்னால் வந்து குனிவாள். அந்த இடத்தில் மட்டும் நான் பிளேடை எடுக்கவே மாட்டேன். நாற்பது விநாடி என்றாலும் ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். 'இந்த இடத்துல என்னலே இழுத்துக்கிட்டே கெடக்கு' என்று அண்ணாச்சி எரிச்சல்படுவார். பெரிய பரிகாரம் செய்கிறவன் மாதிரி நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அக்காவைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

அஞ்சு வருஷம் ஓடிவிட்டது. நானே கேமரா பிடிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் புதூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சடங்கு வீடு என்று அட்வான்ஸ் வந்தது. பந்தலில் போய் இறங்கி, கேமராவைத் தோளில் ஏற்றி, வீட்டு வாசலைப் பார்த்தால் அந்த அக்கா நிற்கிறாள். எட்டு வயசாக இருந்த பிள்ளை பெரிய மனுஷியாகி மணையில் உட்கார்ந்திருக்கிறது.

அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. 'வாங்க தம்பி. நீங்கதானா' என்று காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பந்தக்கால் ஓரமாக வைத்தேன்.

சடங்குக்குத் தாய்மாமன் வர வேண்டும். சீர்த்தட்டோடு வந்து, அக்கா மகளுக்கு மாலை போட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றது எல்லாம். நல்ல நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் வரவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிறபோதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள். பந்தலில் பொம்பளைகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. தம்பி கிடையிலிருந்து திரும்பி வந்தப்போ அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்குக் குடிவந்திருந்தாளாம். அவன் ரெண்டு தடவை தேடி வந்தானாம். ரெண்டு தடவையும் கதவைத் திறக்காமல், 'ஒன் பொண்டாட்டி வீட்டுக்காரங்களுக்கு ஆகாதவ நான், போயிரு' என்றாளாம். என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கும் ரோஷம், அதோடு விட்டுவிட்டான். இந்தச் சடங்குக்கு அவள் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் யாரிடமோ பத்திரிகை கொடுத்துவிட்டிருந்தாள். தாய்மாமனை அப்படி அழைப்பது அழைக்காததற்குச் சமம் என்று பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஒரு நாள் வருத்தப்பட்டிருப்பாள், தம்பி வந்ததும் ரெண்டு பேரும் பேசித் தீர்த்திருப்பார்கள் என்று எனக்கு வசதியாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தூரத்துச் சொந்தத்தில் மாமன் முறை வருகிற ஒருத்தரைப் பிடித்து மாலை போடச் சொன்னார்கள். பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாம் முடிந்து நான் சாமான்களைக் கட்டும்போது அந்த அக்கா பக்கத்தில் வந்தாள்.

'தம்பி, மாமனுக்குக் காத்துக் கெடந்தோம்லா, அந்த இடத்தையெல்லாம் வெட்டிருங்க. நாளைக்கு இந்தப் புள்ள பாத்தா மனசு கஷ்டப்படும்' என்றாள். அப்புறம் அதே குரலில், 'அன்னைக்கு அவன் சொல்லவும் வெட்டுனீங்கல்ல. இன்னைக்கு எனக்காக வெட்டிருங்க' என்றாள்.

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகத்தான் கேட்டாள். நான் சரிக்கா என்றேன். அப்பக்கூட அதுதான் வந்தது என் வாயில்.

மறுநாள் வெட்ட உட்கார்ந்தேன். இப்போது எனக்கு நன்றாகவே வெட்டத் தெரியும். அவள் ரோட்டைத் திரும்பிப் பார்க்கிற இடத்தை ஓரம் பிடித்துத் தள்ளினேன். அடுத்த ஷாட்டில் மறுபடி திரும்பினாள். அதையும் தள்ளினேன். கொஞ்ச நேரம் நன்றாக இருப்பாள், யாருக்கோ சந்தனம் கொடுப்பாள், சிரிப்பாள், சரி என்று அந்த இடத்தில் நிறுத்தப் போவதற்குள் முகம் ரோட்டுப் பக்கம் போகும். பதினோரு தடவை. பதினோரு இடத்தையும் வெட்டி, நடுவில் கோலத்தையும் குத்துவிளக்கையும் பூத்தட்டையும் போட்டு ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தால் ஒரு தழும்பு தெரியவில்லை. யாருக்கும் யாரும் காத்திருக்கவில்லை. ஒரு மாமன் வருகிறார், மாலை போடுகிறார், சாப்பாடு. என் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் கிடந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

வழக்கமாகப் பார்ட்டிதான் வந்து சிடி வாங்கிப் போகும். நான் எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமல், நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டுடியோப் படியே ஏறவில்லை, வெட்டினது நான், பொய் சொன்னதும் நான், என் வேலை போய்விடும் என்று பயந்து சொன்னேன் என்று.

ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. 'ஒங்களச் செருப்பாலயே அடிக்கணும்' என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம், 'அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா, முழுசா?' என்று கேட்டாள்.

'பாத்தேன்க்கா.'

'எப்படி இருந்துச்சு? என் கை நடுங்குச்சா?'

'ஒங்க மொத முடிச்சு வழுக்கிருச்சுக்கா. மஞ்சள் ஈரம். மறுபடி போட்டீங்க. அப்பதான் ஒங்க தம்பி கழுத்தைத் திருப்பி ஒங்களப் பாத்தாரு. நீங்க குனிஞ்சுக்கிட்டிருந்தீங்க, பாக்கல. பாத்துட்டுச் சிரிச்சாரு.'

'சிரிச்சானா?'

'ஆமாக்கா. கண்ணு நெறைஞ்சு போய் சிரிச்சாரு. நீங்க கடைசி முடிச்சை இறுக்குற வரைக்கும் ஒங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு.'

சேலையை அப்படியே கொடியில் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். உலகத்தில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருத்தன். அழித்தவனும் நான்தான். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தச் சிடியை மஞ்சப்பையில் போட்டாள். 'நடங்க. அவங்கிட்டயும் வந்து சொல்லுங்க' என்றாள்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் பருத்தி வெடித்துக் கிடந்தது.

தம்பி வீட்டில் இருந்தான். ஆட்டுக்குட்டிகளுக்குத் தின்ன வேப்பங்கொழை கட்டிக்கொண்டிருந்தவன் அக்காவைப் பார்த்ததும் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டான். அவன் பெண்டாட்டி ஓடிவந்து பாயை விரித்தாள். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நான் முடித்ததும் அக்காவைப் பார்த்து, 'நம்பிட்டியேக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே' என்றான்.

'கேட்டிருக்கணும்' என்றாள் அவள்.

அவன் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா வாங்கிக் குடித்தாள். அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு, 'புள்ள சடங்கு எப்படி நடந்துச்சு?' என்று கேட்டான். மஞ்சப்பையிலிருந்து சிடியை எடுத்துக் கொடுத்தாள்.

டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவன் அதைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. 'எம்புட்டு வளந்துட்டா' என்றான். அக்கா சந்தனம் கொடுக்கிறாள், சிரிக்கிறாள். குத்துவிளக்கு. கோலம். யாரோ ஒரு மாமன் வந்து மாலை போடுகிறார். அவன் ரிமோட்டை எடுத்து, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தான். மறுபடியும் ஓட்டினான். எதைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தபோது, எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

'நான் வராதது கூட இதுல தெரியலையேக்கா' என்றான்.

அவள் மஞ்சப்பையை நாலாக மடித்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவன் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான்.

'இதையும் நீங்கதான் வெட்டுனீங்களா?'

'ஆமா' என்றேன்.